தானே கழன்று விழும் ஸ்லாக்

வெல்டிங்கைக் காதால் ரசிக்கத் தொடங்குவது நல்லது. சுடரை வெறுங்கண்ணால் பார்த்தால் இரவெல்லாம் கண் கரித்து நீர் கொட்டும். ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் சாலையோரப் பட்டறையைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு சற்று நின்று கேளுங்கள். கைதேர்ந்தவர் பிடித்த ராடு, காய்ந்த எண்ணெயில் வடை வேகும் ஓசையை ஒரே சீராக எழுப்பும். ராடு தள்ளிப்போனால் ஓசை உடைந்து பொறி சிதறும்; அதிகம் நெருங்கினால் இரும்போடு ஒட்டிக்கொண்டு அடங்கிவிடும். கம்பியின் கனம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவே இடைவெளி. பத்தாம் கேஜ் என்று கேட்டு வாங்கும் 3.15 மி.மீ. ராட்டுக்கு மூன்று மில்லிமீட்டர்தான்.

அந்த மூன்று மில்லிமீட்டரைக் காப்பதில்தான் கலை இருக்கிறது. ராடு உருகிக் குறைந்துகொண்டே வரும். அது குறையும் வேகத்துக்குக் கை இறங்கவேண்டும். அதே கை மூட்டு நெடுக நகரவும் வேண்டும். ஒரு ராடு தீர ஏறத்தாழ ஒரு நிமிடம். அதுவரை, கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண் சுடரில் நிலைப்பதில்லை. சுடருக்குப் பின்னே தேங்கி ஆறும் இரும்புக் குழம்பிலேயே இருக்கும்.

ராட்டின் மேல்பூச்சைச் சொல்லாமல் இருக்க முடியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்வீடன்காரர் ஆஸ்கர் ஷெல்பெர்க் கொண்டுவந்த யோசனை அது. வெறுங்கம்பியால் பற்றவைத்தால் காற்று புகுந்து மூட்டு நொறுங்கும். பூச்சு எரிந்து கிளம்பும் வாயு காற்றை விலக்கிவைக்கும். மிச்சம் ஸ்லாக்காக மாறி, ஆறும் இரும்பைப் போர்த்திக்கொள்ளும். நம் பட்டறைகளின் 6013 ராட்டில் முக்கியச் சரக்கு ரூட்டைல். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே இருக்கிற கனிமம். தனியாக வாயு சிலிண்டர் வேண்டாததால் வயல்காற்றிலும் வேலை நிற்காது.

திருமயத்தில் பெல் நிறுவனத்தின் குழாய் ஆலை இருக்கிறது; 2013-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அனல்மின் நிலையக் குழாயின் மூட்டை எக்ஸ்-ரே எடுத்துப் பார்ப்பார்கள். டிராக்டரின் ஒன்பது கலப்பைக்கு அந்தச் சலுகை இல்லை. செம்பாறாங்கல்லில் கொழு முட்டும்போது மூட்டு நின்றால் உண்டு. இரண்டு வேலையையும் நான் சமமாகவே மதிக்கிறேன்.

இன்னும் கடினமானது வீட்டு கேட். 18 கேஜ் ஸ்கொயர் பைப்பு 1.2 மி.மீ. கனம்தான். பன்னிரண்டாம் கேஜ் ராட்டை வைத்து, ஆம்ப்ஸைக் குறைத்து, ஓட்டை விழாமல் ஓட்டுவதற்குத் தனித் தைரியம் வேண்டும். பழைய ஆயில் மெஷின் இருந்த இடத்துக்கு, ஒரு கையில் தூக்கும் இன்வெர்ட்டர் மெஷின் வந்துவிட்டது. தோட்டத்து வீடுகளிலும் வாங்கி வைக்கிறார்கள். சுடர் எளிதாகப் பற்றுகிறது, நல்லதுதான். நிதானம் மட்டும் கையிலிருந்துதான் வரவேண்டும்.

கரண்டும் ராட்டின் சாய்வும் சரியாக அமைந்தால், ஆறும்போதே ஸ்லாக் சுருண்டு தானே கழன்று விழும். அடியில் அலை அலையாக, ஒரே அகலத்தில் பளபளக்கும் தையல். அதைத்தான் கிரைண்டர் வைத்துத் தேய்த்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து மறைக்கிறோம். கை படும் இடத்தில் தேய்க்கட்டும். மற்ற மூட்டுகளை அப்படியே விட்டு, ரெட் ஆக்சைடு மட்டும் அடித்துத் தரச் சொல்லுங்கள்.