மயிற்பொறியும் மக்கள் வண்டியும்

வானூர்தி தோன்றாத காலத்திலேயே வானிற் செல்லும் பொறியைக் கற்பனையிற் கண்டவர் திருத்தக்க தேவர். சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தில் வரும் மயிற்பொறியைக் காட்டி, பறக்கும் கார்கள் பெருகினால் தெரு நெரிசல் தீரும், அதற்குத் தமிழனே வழிகாட்டினான் என்று பெருமை பேசுவோர் உளர். அக்கூற்று காவியத்திற்கும் பொருந்தாது, கணக்கிற்கும் பொருந்தாது.

காவியம் கூறுவது யாது? அமைச்சன் கட்டியங்காரன் அரண்மனையை வளைத்தபோது, சச்சந்தன் கருவுற்றிருந்த விசயையை மட்டும் அப்பொறியில் ஏற்றி அனுப்புகிறான். அவள் தப்புகிறாள், அரசன் போரில் மடிகிறான், இராசமாபுரத்து மக்கள் கொடுங்கோலின்கீழ் எஞ்சுகின்றனர். பொறி இறங்கிய இடமோ சுடுகாடு. மயிற்பொறி ஒருத்தியை இடுக்கணினின்று அகற்றியதேயன்றி, நகரத்தின் இடுக்கணை அகற்றவில்லை.

இன்றைய பறக்கும் வண்டியின் நிலையும் இதுவே. 2019 அக்டோபரில் சிங்கப்பூர் மரீனா விரிகுடாவின்மேல் வெள்ளோட்டம் விடப்பட்ட பறக்கும் வாடகை வண்டியில் இருக்கைகள் இரண்டே. அந்நகரின் வடக்கு-தெற்குத் தடத்தில் ஓடும் ஆறு பெட்டி கொண்ட இரயிலோ 1,000 பேருக்கு மேல் ஏற்றவல்லது. ஆயிரவரை இருவர் இருவராகக் கொண்டுசெல்ல 500 பறக்கும் வண்டிகள் வேண்டும். அடுத்த இரயில் வருவதற்குள், அதாவது மூன்று நிமிடத்தில், அவ்வனைவரும் நகர் நடுவே இறங்குவதாயின், நொடிதோறும் இரண்டு வண்டிகளுக்கு மேல் தரையைத் தொடவேண்டும். வானம் பரந்தது, இறங்கும் இடம் பரந்ததன்று. நெரிசல் தீரவில்லை; தெருவினின்று மாடிக்கு ஏறுகிறது, அவ்வளவே.

மக்கள் போக்குவரத்தும் குறையற்றதன்று. 1987 நவம்பர் 7ஆம் நாள் ஐந்து நிலையங்களுடன் தொடங்கிய அப்பெருவிரைவு இரயில் தடம், 2011 டிசம்பரில் தடைப்பட்டபோது பல்லாயிரவர் இடருற்றனர். எனினும், பலரும் பட்ட துன்பமாதலின் பலரும் கேட்டனர்; கேட்டதனால் விசாரணையும் திருத்தமும் தொடர்ந்தன. செல்வமும் செல்வாக்கும் உடையோர் மேலே பறந்துவிட்டால், கீழுள்ள தடத்திற்காகக் கேட்கும் குரல் மெலிந்துவிடும். அஃதே பேரிழப்பு.

நோயாளியை விரைந்து கொண்டுசெல்லவும், தீவிற்கு மருந்து சேர்க்கவும் பறக்கும் வண்டி பயன்படலாம். நாள்தோறும் நகரத்தை இயக்குவதோ, விடியலில் வேலைக்குச் செல்வோர் அனைவர்க்கும் இடந்தரும் பேருந்தும் இரயிலுமே.

ஆதலின், இப்பகுதியைக் கற்பிக்கும் ஆசிரியர், வலந்திருப்ப எழுந்து இடந்திருப்ப இறங்கும் பொறியின் திறத்தை வியப்பதோடு அமையாமல், "ஏறியவர் யார்? எஞ்சியவர் யார்?" என்று மாணவரைக் கேட்கச் செய்வது நன்று.