டன்னின் நோய்ப்படுக்கையும் நன்றியுணர்வும்

இலண்டன் தூய பவுல் பேராலயத் தலைமைக்குரு ஜான் டன் 1623-ஆம் ஆண்டின் இறுதியில் கடுங்காய்ச்சலுற்றார். அந்நோயின் போக்கை 23 பகுதிகளாக வகுத்து, ஒவ்வொன்றையும் சிந்தனை, முறையீடு, மன்றாட்டு என மூன்று உறுப்புகளால் அமைத்து அவர் யாத்த உரைநடை நூல் 1624-இல் வெளிவந்தது. அதன் 17-ஆம் பகுதியில் ஒலிக்கும் சாவுமணியையே பலரும் போற்றுவர். ஹெமிங்வே தம் 1940-ஆம் ஆண்டுப் புதினத்திற்கு அங்கிருந்து தலைப்புக் கொண்டமையும் அதற்கொரு காரணமாகலாம். எனினும், நூலின் உயிர்நிலை 21-ஆம் பகுதியிலேயே உளதென்பது எம் துணிபு. மருத்துவர் அவரைப் படுக்கையினின்று எழுப்புகின்றனர். அவ்வெழுச்சியை, இலாசரு கல்லறையினின்று அழைக்கப்பட்டதனோடு இணைத்துக் காண்கின்றார் டன். நாள்தோறும் நாம் எண்ணாது செய்யும் செயலன்றோ அது! சாவை அணுக்கத்தில் கண்டார்க்கு அதுவே இறைவன் கொடையாகின்றது. நம் காஞ்சித்திணை நிலையாமையை உலகின் பொதுவியல்பாகக் காட்டும். டன்னோ தம் உடலிலேயே அதனை நாள்நாளாகப் படிக்கின்றார்.

இந்நன்றி வெறுங்களிப்பன்று. நின்றபோதே தலை சுழல்கின்றது என்கின்றார். இறுதிப் பகுதியோ நோய் மீளுமோ என்னும் அச்சத்தைப் பேசுகின்றது. இதனைக் குறையென்பாரும் உளராகலாம். யாம் அவ்வாறு கருதோம். அச்சம் மறைக்கப்படாமையாலேயே அந்நன்றியை நம்ப முடிகின்றது. அதன்பின் அவர் வாழ்ந்தது ஏழாண்டுகளும் சில திங்களுமே; 1631-இல் மறைந்தார்.