வசனமும் சம்பாஷணமும்: எல்லைப்புறப் பழம்பட ரசிகரின் மதிப்பீடு

பாலக்காட்டின் சித்தூர், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு ஆகிய எல்லைப்புறப் பகுதிகளில் வாழும் தமிழர்க்குத் தமிழ்ப்படமும் மலையாளப்படமும் அயலானவை அல்ல. மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ (1938), சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்ததே. ஆயினும் இரு மரபுகளையும் ஒரே அளவுகோலால் மதிப்பிடுதல் பொருந்தாது.

‘பராசக்தி’ (1952) நீதிமன்றக் காட்சியை வசனத்துக்காகப் போற்றும் பழம்பட ரசிகரே, ‘செம்மீன்’ (1965) படத்தில் சத்யனின் அடங்கிய நடிப்பையும் போற்றக்கூடும். இதனை முரண்பாடு எனக் கொள்ளும் திறனாய்வாளர், சிவாஜி கணேசனின் நடிப்பை மிகை என ஒதுக்குவர். இம்முரண்பாடு சொற்பொருளை நோக்காமையால் தோன்றுவது.

தமிழ்ப்படப் பெயர்ப்பட்டியலில் ‘வசனம்’ என வருவது மலையாளத்தில் ‘சம்பாஷணம்’ எனப்படுகிறது. சம்பாஷணம் என்பது உரையாடல். அது எதிரிலுள்ள பாத்திரத்தை நோக்கியது. வசனமோ நாடகமேடை வழிவந்த உரைநடை. அது அரங்கிலிருப்போரையும் நோக்கியது. கணேசனின் குரல் ஏற்ற இறக்கம் அவ்வுரைநடைக்குரிய ஒலிப்புமுறையேயாகும்.

எனவே, ‘வசனம் நன்று’ என்னும் ரசிகர் கூற்றைச் ‘சம்பாஷணம் நன்று’ எனப் பெயர்த்தால் அவரது அளவுகோல் மறைந்துவிடும். நடிகர்மீதான குற்றச்சாட்டும் காரணமின்றி வலுப்பெறும். மேடைமரபைச் சுட்டும் அடைமொழியுடன் பெயர்ப்பதே தக்கது.