18 நிமிடம் என்பது பாதிக் கணக்கு

2021ல் ஓலா எஸ்1 ஸ்கூட்டர் வந்தபோது முன்னால் நிறுத்திய எண் ஒன்று உண்டு: 18 நிமிடத்தில் 50 சதவீத சார்ஜ், 75 கிலோமீட்டர் ஓட்டம். அந்த ஆலை இருக்கும் போச்சம்பள்ளி 2004 வரை தர்மபுரி மாவட்டம்தான். நம்ம பக்கத்துச் சரக்கு, கொஞ்சம் உரசிப் பார்ப்போம்.

எண் சரி என்றே வைத்துக்கொள்வோம். அன்றைய எஸ்1 புரோவின் பேட்டரி 3.97 யூனிட். பாதி, சுமார் 2 யூனிட். 18 நிமிடத்தில் அதை ஏற்ற 6.6 கிலோவாட் வேண்டும். வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் மூன்றரையைத் தாண்டாது. சரி, அதற்கு வேக சார்ஜர் இருக்கிறது. என் கேள்வி வேறு: மீதிப் பாதிக்கு எவ்வளவு நேரம்? அதே 18 என்று மனக்கணக்கு போட்டால் தப்பு.

காலி டவுன் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் சட்டென்று உட்கார்ந்துவிடுவார்கள். நிறைந்த பிறகு இடம் தேடணும். அவசரப்படுத்தினால் படிக்கட்டில் தொங்குவார்கள். பேட்டரியிலும் இதேதான். கிராஃபைட்டுக்குள் போய் உட்கார முடியாத லித்தியம் அதன் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படியும். அதில் ஒரு பகுதி திரும்பி வேலைக்கு வராது, கொள்ளளவு குறையும். அதனால்தான் 80 சதவீதத்தை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்கிறார்கள். இது கோளாறு இல்லை, பாதுகாப்பு.

40.5 யூனிட் டாடா நெக்ஸானுக்கு 2023ல் 10லிருந்து 80 வரை 56 நிமிடம் என்றார்கள். எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்றாவது அதில் தெரிகிறது. ஆனால் அந்த 80க்கு மேலே என்ன என்பதை யாரும் விளக்குவதில்லை.

நமக்கு அது நேரப் பிரச்சினை மட்டுமில்லை. தர்மபுரியில் 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு சேலம் பக்கம் கிளம்புறீங்க. கொஞ்ச தூரத்தில் தொப்பூர் கணவாய் இறக்கம். இறக்கத்தில் மோட்டார் வண்டியைப் பிடித்து, அந்த ஆற்றலைப் பேட்டரிக்கே அனுப்பும். அதுவும் சார்ஜ்தான்! நிறைந்த பேட்டரி அதை வாங்காது. வழக்கமாகக் கிடைக்கும் அந்தப் பிடிப்பு பல வண்டிகளில் குறைந்துவிடும். முழுப் பாரமும் சாதா பிரேக் மேல் விழும். லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதும் சாலை அது.

ஆகவே வாங்கப் போனால் "எத்தனை நிமிடம்" என்று கேட்காதீங்க. எத்தனை சதவீதத்தில் எத்தனை கிலோவாட் எடுக்கும் என்ற வரைபடத்தைக் கேளுங்க. விளம்பரத்தில் அதையும் போடுவதுதான் நேர்மை. அதுவரை, தொப்பூர் இறங்கப் போறவங்க 80, 85லேயே பிளக்கைக் கழட்டிடுங்க.