துருவத்தில் ஒரு பொங்கல்

அடுப்பில் பால் பொங்கி வருவதைக் கண்ணெடுக்காமல் பார்த்திருப்போம். பூமியின் துருவங்களுக்கு மேலே வளிமண்டலமும் அப்படித்தான் பொங்குகிறது. ஓசை கிடையாது, ஆவியும் தெரியாது.

சூட்டை முதலில் வாங்கிக்கொள்பவை எலக்ட்ரான்கள். எடை குறைவு, துள்ளல் அதிகம். சூரிய ஒளியோ விண்ணிலிருந்து பொழியும் துகள்களோ சூடேற்றியதும் மேலே கிளம்பப் பார்க்கும். எலக்ட்ரானை இழந்து நிற்கும் கனத்த அயனிகள் லேசில் விடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு மின்புலம், இழுத்துக் கட்டிய நூல்போல் நிற்கிறது. 2022 மே 11 அன்று ஆர்க்டிக் பகுதியிலுள்ள ஸ்வால்பார்டு தீவுகளிலிருந்து பறந்த நாசாவின் எண்டூரன்ஸ் ராக்கெட் அந்த நூலின் வலுவை அளந்தது. ஏறத்தாழ 250 முதல் 768 கிலோமீட்டர் உயரம் வரை வெறும் 0.55 வோல்ட்! கைக்கடிகார பேட்டரியில் பாதிகூட இல்லை. ஆனால் ஹைட்ரஜன் அயனியை, ஈர்ப்புவிசையைப்போல் பத்து மடங்குக்கு மேலான விசையோடு தூக்க அது போதும்.

ஆக்சிஜனுக்குப் பதினாறு மடங்கு எடை. அதை அனுப்பிவைக்கத் தனிக் கைப்பக்குவம் வேண்டும். சற்றே மேலே வந்த அயனியை மின்காந்த அலைகள் பக்கவாட்டில் தட்டித்தட்டிச் சுழற்றுகின்றன. உயரே போகப்போகக் காந்தப்புலம் தளர்வதால், அந்தச் சுழற்சி கொஞ்சம் கொஞ்சமாக மேல்நோக்கிய ஓட்டமாகிவிடுகிறது. தட்டுவது பக்கத்தில், போவது மேலே. இதில் மிக அழகான இடம் இதுதான்.

1998 செப்டம்பர் 24, 25இல் வீசிய காந்தப் புயலின்போது ஃபாஸ்ட் செயற்கைக்கோள் இந்த வெளியேற்றத்தை நேரடியாக அளந்தது: உள்ளே வந்த ஆற்றல் கூடக்கூட, வெளியேறிய அயனிகளும் கூடின.