பூட்டாத பூட்டு: ஜாங்கோவில் ரீட்ஒன்லி

தருமபுரி மாவட்டத்து நடுகற்களைப் பதிவு செய்ய ஜாங்கோவில் ஒரு சின்ன செயலி எழுதி வைத்திருக்கிறேன். இடம், அளவு எல்லாம் திருத்தலாம். கல்வெட்டுப் பாடத்தை மட்டும் யாரும் தொடக்கூடாது. இணையத்தில் பலரும் சொல்கிறபடி விட்ஜெட்டில் 'ரீட்ஒன்லி' போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

நண்பர் ஒருவர் ஸ்கிரிப்ட் எழுதி, அதே படிவம் வழியாக அளவுகளை ஏற்றினார். அவர் அட்டவணையில் 'யாண்டு' எல்லாம் 'ஆண்டு' ஆகியிருந்தது. நல்லெண்ணத்தில் செய்த பிழைதிருத்தம்! சர்வர் மறுபேச்சில்லாமல் சேமித்துக்கொண்டது. அந்தப் பழைய வடிவம்தானே மொழி வரலாற்றுக்குச் சான்று?

ரீட்ஒன்லி என்பது பிரவுசருக்குச் சொல்லும் குறிப்பு, அவ்வளவுதான். டிராப்டவுன், செக்பாக்ஸுக்கு அது செல்லவே செல்லாது. இதைச் சொல்லாமல் கொடுக்கும் ஆலோசனை அரைகுறை.

ஜாங்கோ 1.9-இல் (டிசம்பர் 2015) வந்த 'டிஸேபிள்ட்' வேறு ரகம். ஃபீல்டில் அதை ட்ரூ என்று வைத்தால், வெளியிலிருந்து என்ன மதிப்பு வந்தாலும் தள்ளிவிட்டுத் தொடக்க மதிப்பையே எடுத்துக்கொள்ளும். ஆனால் பெட்டி மங்கிவிடும். நீளமான பாடத்தை வாசிப்பது பெரும்பாடு.

என் கட்சி இதுதான்: திருத்தக்கூடாதது படிவத்துக்குள் எதற்கு? மாடல்ஃபார்மின் ஃபீல்ட்ஸ் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டு, டெம்ப்ளேட்டில் வெறும் எழுத்தாகக் காட்டுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்திருக்கிறேன்.

பேக்கப் இருந்ததால் 'யாண்டு' திரும்பி வந்தது. இல்லாவிட்டால் மறுபடி ஒவ்வொரு கல்லாகப் போய்த்தான் படித்திருக்க வேண்டும்.