நல்லடையும் ஈஸ்டும்: பெரும்பாணாற்றுப்படையின் அரிசிக்கள் பகுதியும் உரையும்

சங்க இலக்கியத்தில் கள், நறவு, தேறல், மட்டு, தோப்பி, பிழி, அரியல் எனக் குடிவகைகளுக்கு வழங்கும் பெயர்கள் பல. அவற்றைத் தொகுத்தும் வகுத்தும் எழுதப்பெற்ற கட்டுரைகளுக்குத் தமிழில் குறைவில்லை. எனினும் அவற்றுட் பெரும்பாலானவை பெயர்ப் பட்டியலோடு அமைந்துவிடுகின்றன. குடி எவ்வாறு விளைந்தது என்னும் வினாவை எழுப்பினால், நாம் தெளிவாகப் பொருள் கொண்டுவிட்டதாக எண்ணியிருக்கும் பகுதிகளே மீண்டும் ஐயத்திற்கு உரியனவாகின்றன. அத்தகைய ஒரு பகுதி பெரும்பாணாற்றுப்படையில் 275ஆம் அடி தொடங்கி 281ஆம் அடி முடிய அமைந்துள்ளது.

தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய 500 அடிப் பாட்டில், வலைஞர் குடியிருப்பில் பாணன் பெறும் விருந்தின் பகுதியாக இது வருகிறது. குற்றித் தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கின்றனர். அகன்ற வாயையுடைய பிழாவில் இட்டு அதனை உலர ஆற்றுகின்றனர். பின்னர் நல்லடை என்பதனைக் கலக்கின்றனர். இனிமை தோன்ற இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிகின்றன. அதன்பின் வலிய வாயையுடைய சாடியில் அதன் இளமை நீங்குமாறு முதிரவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்கின்றனர். சுட்ட மீனோடு அது பாணனுக்குக் கிடைக்கிறது. ஏழு அடிகளில் ஒரு தொழிலின் வரிசைமுறை முழுவதும் அடங்கியுள்ளது.

இங்கு நல்லடை என்பது யாது? உ.வே. சாமிநாதையர் 1889இல் வெளியிட்ட பத்துப்பாட்டுப் பதிப்பின்வழி நமக்குக் கிடைக்கும் நச்சினார்க்கினியர் உரை, அதனை இடித்த முளை எனக் கொள்கிறது. பிற்கால விளக்கங்கள் பெரும்பாலும் 'நெல்முளை' என்ற அளவில் இதனை வழிமொழிந்து சென்றன. இவ்வுரை பிழையன்று. ஆயின் அது செயலின் ஒரு பாதியை மட்டுமே விளக்குகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பனங்கள்ளையும் அரிசிக்கள்ளையும் ஒப்பிட்டால் இது விளங்கும். பாளையிலிருந்து இறங்கும் சாற்றில் சர்க்கரை முன்பே உள்ளது. பாளையிலும் பூச்சிகளின் உடலிலும் பழகிய கலயத்தின் உட்சுவரிலும் தங்கிய ஈஸ்ட், சாறு சொட்டத் தொடங்கியவுடன் தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. அதனைத் தடுக்கவே பதநீர் இறக்குவோர் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசுகின்றனர். அரிசியில் இருப்பதோ மாவுச்சத்து. சாக்கரோமைசஸ் செரிவிசியே என்னும் ஈஸ்ட் பொதுவாக மாவுச்சத்தைச் சிதைக்கும் ஆற்றல் அற்றது. முதலில் வேறொன்று அதனைச் சர்க்கரையாக்க வேண்டும். அதன்பின்னரே ஈஸ்ட் அதனைச் சாராயமாக மாற்ற இயலும். முளைவிட்ட தானியத்தில் ஊறும் அமைலேசு என்னும் நொதி முதற்செயலைச் செய்யும். நச்சினார்க்கினியர் உரை இம்முதற்செயலுக்கு விடை தருகிறது. இரண்டாஞ் செயலைச் செய்த உயிரி எங்கிருந்து வந்தது என்பதற்கு உரையில் விடையில்லை. உரையாசிரியரிடம் அதனை எதிர்பார்ப்பதும் முறையன்று. இன்றைய ஆய்வாளரும் அதனைக் கேளாமல் விடுவதுதான் வியப்புக்குரியது.

பாட்டின் சொற்களுக்கு மீள்வோம். களியை உலர ஆற்றிய பின்பே நல்லடை கலக்கப்படுகிறது என்னும் வரிசை கருதத்தக்கது. முளையின் நொதி மாத்திரமே வேண்டப்பட்டதாயின், களி சூடாக இருக்கும்போது கலப்பதே பயன் மிகுதி. பார்லி முளையைக் கொண்டு பியர் ஆக்குவோர் 65 பாகை செல்சியசு அளவிலான சூட்டில்தான் சர்க்கரையாக்கத்தை நிகழ்த்துகின்றனர். ஈஸ்டோ 50 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் நெடுநேரம் உயிர்தரிப்பதில்லை. ஆற்றிவிட்டுக் கலக்கும் வழக்கம், கலக்கப்படும் பொருளில் சூடு பொறாத உயிர் இருந்தது என்பதற்கு இசைவாக உள்ளது. தண்ணிய கூழில் முளைமாவைக் கலக்கும் வழக்கமும் உலகில் உண்டாகலின், இதனை முடிந்த சான்றாகக் கொள்வதற்கில்லை. ஆயினும் இது எளிதில் ஒதுக்கத்தக்கதும் அன்று.

அடுத்தது உவமை. பாம்பு உறையும் புற்றிலுள்ள குரும்பியைப் போன்ற புறத்தை உடையது நல்லடை என்கிறார் புலவர். குரும்பி என்பது புற்றாஞ்சோறு. அது கறையான் தன் கழிவையும் மென்ற தாவரப் பொருளையும் கொண்டு கட்டி, டெர்மிட்டோமைசஸ் என்னும் பூஞ்சையை வளர்க்கும் அடை. கடற்பஞ்சு போலப் புழையுடையதாய், மேற்பரப்பில் வெண்ணிறச் சிறு மணிகள் அரும்பியதாய் அது தோன்றும். அப்புறத்தைப் பூவோடு சேர்த்துப் பாட்டு சொல்கிறது. உரை அதற்குப் பொலிவு எனப் பொருள் காண்கிறது. பூசணம் 'பூத்தது' என்பது இன்றும் நம் வழக்கு. இடித்துத் தூளாக்கிய முளைக்குப் 'புறம்' என ஒன்றைச் சொல்வது பொருந்துமா? அடை என்னும் சொல் தட்டையாகத் திரண்ட உருவைக் குறிப்பது, தேனடையிலும் அதுவே. எனவே பூசணமும் ஈஸ்டும் படரவிட்டு உலர்த்திய ஒரு நொதியடையையே புலவர் கண்டு சொன்னார் எனக் கொள்ள இடமுண்டு.

இதற்கு மறுப்பும் உண்டு. முளைகட்டிய நெல்லின் வேர்கள் ஒன்றோடொன்று பின்னி, வெண்ணிறத் தட்டாக எழும். அதுவும் புற்றாஞ்சோற்றை நினைவூட்டக்கூடும். அவ்வாறு கொண்டாலும், வெப்பமும் ஈரமும் மிக்க நிலத்தில் பல நாள் கிடக்கும் முளைத்தட்டில் பூசணமும் ஈஸ்டும் ஏறாதிருத்தல் அரிது. ஆகவே இவ்விரு பொருளும் முற்றிலும் முரண்படுவன அல்ல. இரண்டனுள் ஒன்றைத் தேர்க எனின், நொதியடை என்பதையே நான் தேர்வேன்.

அத்தேர்வுக்குத் துணையாவது காலக்குறிப்பு. இரண்டு பகலும் இரண்டு இரவும் 'தேம்பட'க் கழிந்தன என்பதும், சாடியில் இளமை அற விளைந்தது என்பதும் இரு வேறு நிலைகள். முன்னது வினையெச்சத்தில் முடிகிறது. பின்னது பெயரெச்சமாய்க் குடியைத் தழுவுகிறது. இரண்டு நாள் என்பது இனிமை பிறத்தற்கு உரிய காலம். சாடியில் கிடந்த காலம் சொல்லப்படவில்லை. 'இரண்டே நாளில் கள் ஆக்கினர்' எனச் சிலர் எழுதுவது இவ்விலக்கண வேறுபாட்டைக் கருதாததன் விளைவு.

சிக்கிம், டார்ஜிலிங், நேபாளப் பகுதிகளில் மர்ச்சா என்னும் அடையைக் கொண்டு ஆக்கப்படும் பாத்தி ஜாண்ட் என்னும் அரிசிக்குடியின் முறை இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. சோற்றை ஆற்றி, மர்ச்சாவைப் பொடித்துத் தூவி, ஓரிரு நாள் காற்றுப்பட வைக்கின்றனர். சோறு இனிக்கத் தொடங்கியதும் காற்றுப் புகாத கலத்தில் அடைத்து மேலும் சில நாள் விடுகின்றனர். மர்ச்சாவில் ரைசோபஸ், மியூக்கர் முதலிய பூசணங்களோடு, மாவுச்சத்தைச் சிதைக்கவல்ல சாக்கரோமைகோப்சிஸ் ஃபிபுலிகெரா என்னும் ஈஸ்டும், சாராயம் ஆக்கும் பிற ஈஸ்டுகளும் காணப்படுகின்றன. காற்றுள்ள நிலையில் பெருக்கமும் இனிப்பும், காற்றற்ற நிலையில் சாராயம் என்னும் இவ்விரு நிலையும் பாட்டின் இரு நிலையோடு ஒத்து நடக்கின்றன. மணிப்பூரின் ஹமெய், சாவகத்தின் ராகி ஆகியனவும் இவ்வினத்தனவே. அர்த்தசாஸ்திரத்தின் கள் அலுவலர் பற்றிய இயலும், உழுந்தும் அரிசியும் மூலிகைகளும் கலந்து ஆக்கும் கிண்வம் என்னும் நொதிப்பொருளுக்கு அளவு கூறுகிறது. அங்கு முளைக்கு இடமில்லை. இவ்வொப்புமைகள் கடன் கொண்டமைக்குச் சான்றாகா. அடை கொண்டு நொதிக்கச் செய்யும் முறை பண்டை இந்தியாவில் அறியப்பட்டிருந்தது என்பதற்கு மட்டுமே சான்றாகும்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இத்தகைய ஒப்பீட்டைக் கண்டவுடன் 'சங்கத் தமிழர் நுண்ணுயிரியல் அறிந்திருந்தனர்' என எழுதப் புகுவோர் உளர். ஈஸ்ட் ஓர் உயிர் என்பதனை 1837 அளவில் காஞார் டி லா தூரும் ஷ்வானும் நுண்ணோக்கி கொண்டு கூறியபோதும், வேதியியலார் எளிதில் உடன்படவில்லை. பாஸ்டரின் ஆய்வுகள் பின்னரே அதனை நிலைநாட்டின. வலைஞர் அறிந்தது உயிரணுவை அன்று. எப்போது ஆற்றுவது, எப்போது கலப்பது, எதனை எத்துணை நாள் திறந்து வைப்பது என்பவற்றை அவர்கள் அறிந்திருந்தனர். அவ்வறிவின் துல்லியத்தைக் காட்டாமல் வெறும் புகழ்ச்சியாக்குவது பாட்டுக்கு நன்மை செய்யாது.

இதே பாட்டில், சற்றுப் பின்னே, கள் அடும் மகளிர் வள்ளம் கழுவிய நீர் வழிந்து சேறாவதும், அச்சேற்றில் பன்றிகள் கிடப்பதும் வருகின்றன. மருத நில, நெய்தல் நிலச் சூழலை விளக்கவே இவ்வடிகள் இதுகாறும் எடுத்தாளப்பட்டன. அடுதல் மகளிர் தொழிலாகச் சொல்லப்படுவதும், மர்ச்சாவை ஆக்குவோர் இன்றும் பெரும்பாலும் மகளிராகவே இருப்பதும் ஒருங்கு வைத்து நோக்கத்தக்கன. நாள்தோறும் கழுவியும் முற்றும் நீங்காத ஈஸ்ட், அவ்வள்ளங்களின் துளைகளில் அடுத்த அடுகைக்குக் காத்திருந்திருக்கும்.